இடக்கை பெற்ற ஓய்வு



பர்கூரின் துணிக்கடை வீதியில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். துணிப் பொதிகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு வணிகர் ஒருவர் மொபெட்டில் செல்வார். நெரிசலில் பத்து இடங்களில் நின்று புறப்பட்டாலும் அவர் கிளட்சைப் பிடிப்பதில்லை, கியரை மாற்றுவதுமில்லை. அவருக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரோ, ஒவ்வொரு முறையும் இடக்கை விரல்களால் கிளட்சை அழுத்தி, இடக்காலால் கியரை மாற்றி, மெல்லப் பிடியைத் தளர்த்துகிறார். இவ்வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் பங்குண்டு. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கிளட்ச் என்பது யாது? என்ஜின் ஓயாது சுழல்வது. சக்கரமோ நிற்கவும் ஓடவும் வேண்டியது. இவ்விரண்டையும் வேண்டும்போது இணைத்தும், வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளட்ச். பிரித்தல் எளிது, மீண்டும் இணைத்தலே அரிது. சட்டென்று விட்டால் வண்டி துள்ளி நின்றுவிடும். 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியை ஓட்டுவோரை ஊரார் வியப்போடு நோக்கியதற்கு, அதன் முழக்கம் மட்டுமன்று, இந்தக் கைப்பழக்கமும் ஒரு காரணமாகும். ஆனால், வியப்புக்குரிய கலை எதுவும் ஒரு வேலியும் ஆகும். அதனைக் கல்லாதார் வேலிக்கு வெளியே நின்றனர்.

அவ்வேலியைப் பெரிய அளவில் அகற்றியவர்கள் ஜப்பானியர். 1958இல் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. சொய்ச்சிரோ ஹோண்டாவும் அவர்தம் துணைவர் தக்கேயோ ஃபுஜிசாவாவும், உணவு விடுதியின் ஏவலாள் ஒருவன் ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கி, மறு கையால் ஓட்டத்தக்க வண்டி வேண்டும் எனக் கருதினர். ஆகவே இடக்கையின் கிளட்ச் பிடி நீக்கப்பட்டது. கியர் மட்டும் காலுக்கென நிலைத்தது. 2017ஆம் ஆண்டுக்குள் இவ்வகை வண்டிகள் 10 கோடி உருவாயின.

கைப்பிடி இன்றிக் கிளட்ச் இயங்குவது எவ்வாறு? தினைப்புனம் காப்போர் கவண் சுழற்றுவதை நினைத்துப் பாருங்கள். சுழற்சி மிகுந்தோறும் கல் வெளிநோக்கி இழுக்கும். அதுபோலவே, என்ஜின் விரைந்து சுழலும்போது உள்ளிருக்கும் எடைக்கட்டைகள் வெளிநோக்கி விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பற்றிக்கொள்ளும், இணைப்பு நிகழும். வேகம் தணிந்தால் வில்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், இணைப்பு பிரியும்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1971இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. அதன் முயற்சியால் கன்னட எல்லையை ஒட்டிய ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்தது. அங்கே 1980இல், சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு 'டி.வி.எஸ். 50' என்னும் வண்டியை வெளியிட்டது. இருவர் செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் அதுவே. அதில் கியருமில்லை, கிளட்ச் பிடியுமில்லை.

என் தமக்கையார் பர்கூரைச் சுற்றிய சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவர். பேருந்து செல்லாத ஊர்களுக்கு நடந்தே செல்வார். 1980களின் நடுவில் மொபெட் ஒன்று வாங்கி, ஒரே வாரத்தில் ஓட்டப் பழகிவிட்டார். நானோ அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இளம் ஆசிரியன். "கிளட்சும் கியரும் இல்லாததும் ஒரு வண்டியா, அக்கா?" என்று நகைத்தேன். "நீதான் ஓட்டிப் பாரேன், தம்பி" என்றார். முதல் திருப்பத்திலேயே, கிளட்ச் என்றெண்ணி இடப்பக்கப் பிடியை இறுக அழுத்தினேன். அந்த வண்டியில் அது பின்சக்கரத்தின் பிரேக். வண்டி சறுக்கியது, நான் மண்ணில் விழுந்தேன். முழங்காலுக்கு மருந்திட்டவரும் அக்காவே. "எனக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் விரைவில் வந்துவிட்டது. உனக்கு மறக்க வேண்டியது இருக்கிறது" என்றார்.

பின்னர் ஒருநாள் நள்ளிரவில் பிரசவ வேதனையென்று ஆள் வந்தபோது, அவர் அதே வண்டியில் புறப்பட்டுப் போனார். தாயும் சேயும் நலமாயினர். நான் நகைத்த வண்டியின் மதிப்பை அன்றுதான் உணர்ந்தேன்.

மொபெட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடைப்பட்ட முயற்சிகளும் நடந்தன. 1997இல் ஹீரோ ஹோண்டாவின் 'ஸ்ட்ரீட்' வந்தது. 2009இல் ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 'ஜைவ்' என்னும் 110 சி.சி. மோட்டார் சைக்கிளைக் கொணர்ந்தது. இரண்டிலும் கியர் உண்டு. கிளட்ச் பிடி இல்லை. இரண்டும் நெடுங்காலம் விற்பனையில் நிலைக்கவில்லை. எனினும் அவை கற்பித்த பாடம் உண்டு.

ஓய்வு பெற்றபின், மணிக்கட்டு வலியின் காரணமாக நானும் இவ்வகை வண்டி ஒன்றை ஓட்டலானேன். ஒரு திங்கள் வரை என் இடக்கை விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்தன! கிளட்சின் பொறுப்பு வேறிடம் சென்றிருந்ததைப் பையப்பைய அறிந்தேன். முதலில் ஆக்சிலேட்டரைத் தணிக்க வேண்டும். பின்னர்க் கியர் மிதியை முழுதும் அழுத்த வேண்டும். அந்த அழுத்தமே உள்ளிருக்கும் கிளட்சைப் பிரிக்கும். பாதத்தை மெல்லத் தளர்த்தினால் இணைப்பு இதமாக நிகழும். தணிக்காமல் மிதித்தாலோ, சட்டென்று காலை எடுத்தாலோ வண்டி குலுங்கும். கைவேலை குறைந்ததேயன்றிக் கவனம் குறையவில்லை.

2021இல் நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் எழுந்தன. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே வலிமையோடு இழுக்க வல்லதாதலின், அந்த ஸ்கூட்டர்களுக்குக் கிளட்சும் வேண்டா. கியர் மாற்றமும் வேண்டா.

மாணவர்களே! எளிதாக்கப்பட்ட கருவியைக் கண்டு ஏளனம் செய்யாதீர்கள். அதனால் யாருக்கு வழி திறந்தது என்று முதலில் கேளுங்கள். கற்றதை உரிய காலத்தில் மறக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். என் தமக்கையார் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.