பொருள்நிரலில் எழுதப்படும் முடிவு: சென்னை மாமன்றத்தின் அன்றாட அலுவல் குறித்து

மாநகராட்சியைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் இரண்டு தருணங்களில்தான் எழுகிறது. தேர்தல் வந்தால் மேயர் யார் என்று பேசுகிறோம். மழை கொட்டினால் வடிகால் என்னவாயிற்று என்று கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ரிப்பன் கட்டடத்தில் மாதந்தோறும் மாமன்றம் கூடுகிறது. சில மணி நேரத்தில் பல பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டுக் கலைகிறது. உள்ளாட்சி குறித்த ஆய்வுகள் அதிகாரப் பரவலையும் நிதிப் பகிர்வையும் விரிவாக எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்த மாதாந்திர அலுவலை எடுத்துக்கொள்ளவில்லை. சடங்காகத் தோன்றும் ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் அதற்குக் காரணமாகலாம்.

மாமன்றத்தின் உண்மையான முடிவுகள் வாக்கெடுப்பின்போது உருவாவதில்லை. பொருள்நிரல் தயாராகும்போதே உருவாகிவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு பொருளை எழுதுவது யார், அது உறுப்பினரின் கைக்கு எப்போது வருகிறது, முன் ஒப்புதலுக்காக வருகிறதா அல்லது நடந்து முடிந்ததற்குப் பின்னேற்பு கேட்டு வருகிறதா என்பவற்றைப் பொறுத்தே மன்றத்தின் அதிகாரம் கூடுகிறது, குறைகிறது. ஆகவே நகர மக்களாட்சியைச் சீர்திருத்த நினைப்பவர்கள் சட்டத்தின் பெரிய பிரிவுகளுக்கு முன்னால் அலுவல் விதிகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

எஞ்சி நின்ற அதிகாரம்

1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பரில் செயல்படத் தொடங்கியது சென்னை மாநகராட்சி. அதன் நவீன வடிவத்தை நெடுங்காலம் நிர்ணயித்தது 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல்தான், அதற்கான விதிகளோடு, நடைமுறைக்கு வந்தது. இடையில் எவ்வளவோ மாறியும் ஓர் அடிப்படை மாறவில்லை. தீர்மானிப்பது மன்றம், நிறைவேற்றுவது ஆணையர். ஆணையரோ மாநில அரசு நியமிக்கும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். ஆனால் கோப்புகள் உருவாகும் துறைகள் ஆணையருக்குக் கீழே இருக்கின்றன.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை உள்ளாட்சிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம். சென்னையில் அதற்கு முன்பே பல பணிகள் கைமாறிவிட்டன. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. நகரத் திட்டமிடல் அதே பத்தாண்டில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போனது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம் சேர்ந்தன. மாநகராட்சியிடம் எஞ்சியவை உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற சுகாதார நிலையம், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி ஆகியவை. நகரம் எங்கே வளரலாம், எத்தனை மாடி எழும்பலாம் என்பதில் மன்றத்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய முடிவுகள் வெளியே போய்விட்ட பிறகு மன்றத்தின் கையில் இருப்பது அன்றாட அலுவல் ஒன்றுதான். அதையும் சடங்கென்று ஒதுக்கினால் மன்றத்துக்கென்று எதுவும் மிஞ்சாது.

கோப்பு தீர்மானமாகும் வழி

ஒரு சாலைப் பணியை எடுத்துக்கொள்வோம். மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். செயற்பொறியாளர் வழியாகத் தலைமைப் பொறியாளர் வரை கோப்பு ஏறுகிறது. தொகையைப் பொறுத்து மண்டலக் குழு, நிலைக்குழு, மன்றம் என அனுமதி தரும் இடம் மாறுகிறது. மன்றத்துக்கு வரும்போது அது ஒரு பத்திக் குறிப்பாகிவிடுகிறது: பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தப்புள்ளியின் நிலை, முடிவில் மன்றத்தின் அனுமதி கோரும் வாசகம். இத்தனை கைகளைக் கடந்து வந்த பொருளை அரங்கில் எழுந்து மறுக்கும் உறுப்பினர் அநேகமாகத் தம் சொந்த வார்டின் சாலையைத்தான் தாமதப்படுத்துவார். இந்த ஏற்பாட்டிலேயே எதிர்ப்புக்கு ஒரு விலை வைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் உறுப்பினருக்கு உரியவை. அங்கே பேச்சில் சூடு பறக்கும். எரியாத விளக்கும் தூர்வாராத வடிகாலும் பெயர் பெயராக வரும். ஆனால் அந்தப் பேச்சு பொருள்நிரலைத் தொடுவதில்லை. உறுப்பினர் பேசும் பகுதியில் முடிவு எடுக்கப்படுவதில்லை. முடிவு எடுக்கப்படும் பகுதியில் பேச்சு குறைவு. அங்கே தீர்மான எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டு ஏற்கப்படுகின்றன.

இதில் கட்சிக் கணக்கும் சேர்கிறது. 2022 பிப்ரவரித் தேர்தலில் மொத்தமுள்ள 200 வார்டுகளில் 153ஐ தி.மு.க. தனித்தே பெற்றது, அ.தி.மு.க. 15 இடங்களோடு நின்றது. இப்படிப்பட்ட மன்றத்தில் வாக்கெடுப்பின் முடிவு கூட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அதனாலேயே பொருள் முன்கூட்டி வெளிவருவதும், குழுவில் அலசப்படுவதும், மாறுபட்ட கருத்து பதிவாவதும் பெரும்பான்மை குறுகிய மன்றத்தைவிட இங்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

நான்கு தீர்மானங்கள்

ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மாணவருக்குச் சிற்றுண்டி தர 1920 செப்டம்பரில் மன்றம் ஒப்புதல் தந்தது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. சிறு செலவுக்கு அனுமதி கோரிய ஒரு பொருள்தான் அது. இன்று தமிழகத்தின் பள்ளி உணவுத் திட்ட வரலாற்றை எழுதுவோர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அடுத்து நடந்தது அதே அளவு கவனத்துக்குரியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கிலேய அரசு 1925இல் தடுத்தது. மன்றத்தால் ஒற்றைத் தீர்மானத்தைக் கொண்டு பசித்த பிள்ளைக்கு உணவு தர முடிந்தது. மேலிருந்து வந்த ஒரு நிதி விதியால் அந்த உணவு நின்றது. மன்றத்தின் வீச்சும் எல்லையும் ஒரே நிகழ்வில் பதிவாகியுள்ளன.

இரண்டாவது 2022ஆம் ஆண்டின் சொத்து வரி உயர்வு. பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியத்துக்குச் சொத்து வரிச் சீரமைப்பை நிபந்தனையாக வைத்திருந்தது. அதைச் சுட்டி மாநில அரசு உயர்வு விகிதங்களை அறிவித்தது. பழைய சென்னையில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு. மார்ச் 4இல் மேயரைத் தேர்ந்தெடுத்த மன்றம் விரைவிலேயே இந்தப் பொருளைச் சந்தித்தது. சட்டப்படி வரி விதிப்பது மன்றம். விகிதம் வகுத்தது தலைமைச் செயலகம். நிபந்தனை வந்தது தில்லியிலிருந்து. மன்றம் விகிதங்களை ஏற்றது. மறுத்திருந்தால் மானியத்தை இழந்திருக்கும்.

மூன்றாவது 2024 அக்டோபரில் நிறைவேறியது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடவும், ஆடுபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் வழிசெய்த தீர்மானம் அது. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தபோதும் தீர்மானம் நிறைவேறியது. செய்தி பரவியதும் கண்டனம் வலுத்தது. ஓரிரு நாள்களில் அது கைவிடப்பட்டது. வடசென்னைச் சிறுவனுக்குக் கால்பந்துத் திடல் எவ்வளவு முக்கியம் என்பது எந்த உறுப்பினருக்கும் தெரியாததல்ல. அந்த அறிவு தீர்மானத்துக்கு முன் பேசும் இடத்தைப் பெறவில்லை என்பதே நிகழ்வின் பாடம்.

நான்காவது இதற்கு நேர்மாறாக முடிந்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் 2025 ஜூனில் நிறைவேறியது. ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்தின் வாசலில் அமர்ந்தனர். பதின்மூன்றாம் நாள் இரவு, நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. தீர்மானம் நிலைத்தது. ஊதியம் என்ன ஆகும், பணிப் பாதுகாப்பு என்ன ஆகும், ஒப்பந்ததாரர் தவறினால் யார் பொறுப்பு என்று நடைபாதையில் கேட்கப்பட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஜூன் மாதமே நிலைக்குழுவில் எழுந்திருக்க வேண்டியவை.

திடல் தீர்மானம் விழுந்ததும் துப்புரவுத் தீர்மானம் நிலைத்ததும் அவற்றின் தன்மையால் மட்டும் விளைந்தவை எனக் கூற முடியாது. ஒன்றை எதிர்த்தவர்களுக்கு ஊடகத்தில் இடம் எளிதாகக் கிடைத்தது. இன்னொன்றில் பல கோடி ரூபாய் ஒப்பந்தம் இருந்தது. மன்றத்துக்குள் நடக்காத விவாதம் வெளியே நடக்கும்போது குரல் வலிமையும் பண வலிமையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காகத்தான் வார்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாடே இருக்கிறது.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

மன்றம் வெறும் முத்திரைதானே, அது இருந்தென்ன இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். சென்னையின் வரலாற்றில் இதற்கான விடையைச் சோதித்துப் பார்க்க முடியும். மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தல் இல்லை. ஊழல் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடமும் தினக்கூலிப் பணியாளர் பெயரெழுதும் ஓர் அன்றாட ஏடுதான். ஏட்டைச் சரிபார்க்கும் முறையைத் திருத்துவதற்குப் பதில் மன்றத்தையே இருபத்து மூன்று ஆண்டுகள் மூடிவைத்தோம். மறுபடியும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கில் தேர்தல் அறிவிப்பு ரத்தாகி, 2022 மார்ச் வரை தனி அலுவலர் ஆட்சி நீண்டது. ஐந்தாண்டுக்குள் தேர்தல் என்று அரசமைப்பு கூறியிருந்தும் இது நடந்தது.

அந்த ஆண்டுகளில் நிர்வாகம் நின்றுவிடவில்லை. ஆணையரே தனி அலுவலர். ஆணையராகப் பொருளை முன்வைத்தவர் மன்றத்தின் இடத்திலிருந்து அதற்கு அனுமதியும் தந்தார். சாலை போடப்பட்டது, ஒப்பந்தம் கையெழுத்தானது. இழந்தது என்ன என்பதை 2018ஆம் ஆண்டின் சொத்து வரி காட்டுகிறது. 1998க்குப் பிறகு முதன்முறையாக வரி உயர்த்தப்பட்டபோது, குடியிருப்போர் தம் வார்டில் பிடித்து நிறுத்திக் கேட்க ஒருவரும் இல்லை. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டபோதும் முடிவு கோட்டையிலிருந்தே வந்தது. 2022இன் உயர்வு பெரிய வீடுகளுக்கு அதைவிடக் கடுமையானது, ஆனாலும் நிலைத்தது. அரசியல் சூழலின் பங்கு அதில் உண்டு. எனினும் அந்த முறை வரியை நியாயப்படுத்த வேண்டிய கடமை 200 பேர் தலையில் விழுந்தது. முன்பே முடிவான ஒன்றை ஏற்கும் மன்றம்கூட, பதில் சொல்ல வேண்டிய ஒருவரை ஒவ்வொரு வார்டிலும் உருவாக்கிவிடுகிறது.

மறுப்பும் மாற்றும்

அமைப்பையே மாற்றாமல் அலுவல் விதிகளைத் தொட்டுப் பயனில்லை என்பது வலுவான மறுப்பு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொல்கத்தாவில் மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் அடங்கிய குழுவிடம் நிர்வாகப் பொறுப்பு வந்தது. அமைச்சரவையைப் போன்ற ஏற்பாடு. அதைச் சென்னையும் பின்பற்றலாம் என்ற கருத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சட்டமன்றம் தன் அரசின் பிடியைத் தானே தளர்த்த வேண்டும். அது நிகழும் வரை காத்திருக்கத் தேவையில்லாத மாற்றங்கள் உள்ளன. மேலும் மேயர் குழு வந்தாலும் பொருள்நிரலை மூடிவைக்கும் பழக்கம் மாறாவிட்டால், இன்று ஆணையர் செய்வதை நாளை ஒரு சிறு குழு செய்யும்.

வேகம் கெடும் என்பது இன்னொரு மறுப்பு. வடிகாலை மழைக்கு முன் முடிக்க வேண்டும், உண்மைதான். அவசரத்துக்கு முன் அனுமதியும் பின்னேற்பும் தேவை. ஆனால் பின்னேற்புக்கு வரும் ஒவ்வொரு பொருளும் காத்திருக்க முடியாத காரணத்தை எழுத்தில் தாங்கி, தனிப் பட்டியலாக வர வேண்டும். அப்போது விதிவிலக்கு வழக்கமாக மாறியிருக்கிறதா என்பது தானே தெரியும்.

வேறு சில மாற்றங்களும் இத்தகையவையே. பொருள்நிரல் இணைப்புகளோடு ஒரு வாரம் முன்பே உறுப்பினருக்கும் பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும். மாநகராட்சிச் சொத்தைத் தனியாரிடம் விடுவது, பணியாளர் நிலையை மாற்றுவது, பயன்பாட்டுக் கட்டணம் விதிப்பது ஆகியவை சம்பந்தப்பட்ட நிலைக்குழுவின் எழுத்துபூர்வ அறிக்கையின்றி மன்றத்துக்கு வரக்கூடாது. கணக்கு, கல்வி, பொதுச் சுகாதாரம், வரிவிதிப்பு மற்றும் நிதி, நகரமைப்பு, பணிகள் என ஆறு நிலைக்குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்கு வேலை தர வேண்டும். இத்தகைய பொருள்களில் பெயர் குறித்த வாக்குப் பதிவு கட்டாயமாக வேண்டும். 2022இல் விதிகள் வகுக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பர் 1இல் தொடங்கிய பகுதி சபைகளின் கோரிக்கைகள், நடவடிக்கைக் குறிப்போடு மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர் கொண்டுவரும் பொருளுக்குக் கூட்டத்தின் முதற்பகுதியில் இடம் ஒதுக்க வேண்டும்.

இவற்றால் 153க்கு 15 என்ற கணக்கு மாறாது. பெரும்பான்மை தான் விரும்பியதை நிறைவேற்றவே செய்யும். ஆனால் எதை நிறைவேற்றுகிறோம் என்று தெரிந்து, யார் கையுயர்த்தினார் என்பது பதிவாகி, பாதிக்கப்படுவோருக்கு முன்கூட்டியே தெரிவித்து நிறைவேற்ற வேண்டிவரும். உள்ளாட்சிக்கு அதிகாரம் கேட்கும் நம் கோரிக்கை இதுவரை மாநில அரசை நோக்கியே எழுந்துள்ளது. ஏற்கெனவே கையிலுள்ள அதிகாரத்தை மன்றம் எப்படிச் செலவிடுகிறது என்ற கணக்கையும் கேட்கத் தொடங்கினால்தான் அக்கோரிக்கைக்கு வலுச் சேரும்.