மூளை அலையும் முதுமை மறதியும்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன.

அங்குள்ள முதியவர் ஒருவருக்கு நினைவு மங்குவதாகக் கொள்வோம். "இது என்ன மாதம்?" என்று மருத்துவர் மலையாளத்தில் வினவுகிறார். "ஆடி" என்கிறார் முதியவர். மலையாள வழக்கில் அது கர்க்கடகம். விடை சரியா, பிழையா? நேயர்களே, முதுமை மறதியை அளக்க மருத்துவ உலகம் மேற்கொண்ட முயற்சியின் சரித்திரம் முழுவதிலும் இச்சிக்கல் தொடர்ந்து வருகிறது.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர், இன்று தம் பெயரால் வழங்கும் நோயை 1906இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். நோயாளி வாழ்ந்த காலத்தில் வினா விடையே அவருக்கு உதவிற்று. மூளையின் சிதைவை அவர் நுண்பெருக்கியில் கண்டது நோயாளியின் மறைவுக்குப் பின்னரே. 1975இல் அமெரிக்காவில் 30 மதிப்பெண் கொண்ட ஒரு சுருக்கத் தேர்வு வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. நாள், இடம் கூறுதல், கணக்கிடுதல், வாசித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் ஆகியன அதில் அடங்கும். இளமை முதல் தேயிலைக் கொழுந்து பறித்து, பள்ளிப்படி மிதியாத மூதாட்டி, நோய் ஏதுமின்றியே அதில் மதிப்பெண் இழப்பார்.

வினா கேளாமலே மூளையை அறிய இயலுமா? 1875இல் ரிச்சர்ட் கேட்டன் என்னும் ஆங்கிலேயர் விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டெனக் கண்டார். ஜெனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். மறதி நோயுற்றோரிடம் இவ்வலைகள் மாறுபடுவதையும் 1930களின் தொடக்கத்தில் அவரே குறித்தார்.

கண்மூடி அமைதியாக விழித்திருக்கும் ஒருவரின் மூளையின் பின்பகுதியில் வினாடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் எழும். இவற்றை ஆல்ஃபா அலைகள் என்பர். அல்ஸைமர் நோய் முற்றும்போது இவை தளர்ந்து, வினாடிக்கு 8க்கும் குறைவான மந்த அலைகள் மிகுகின்றன. மந்தம் மிகுந்திருப்பது பெரும்பாலும் நோயின் கடுமையோடு ஒத்துச் செல்கிறது. தலைமேல் சிறு மின்வாய்களைப் பொருத்திச் செய்யும் இப்பதிவில் வலியில்லை. நோயாளி எழுத்தறிந்திருக்க வேண்டியதுமில்லை.

ஆயினும் இக்கருவியின் கூற்றை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது தகாது. நோயின் தொடக்கத்தில் பதிவு இயல்பாகவே இருத்தல் கூடும். தூக்க மருந்தும், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் அலைகளை மந்தப்படுத்தும். எனவே வினா விடையும் இன்றியமையாததாகவே உள்ளது.

அவ்வினாக்களைச் செப்பனிடும் பணியும் கேரளத்திலே நடந்தது. கேம்பிரிட்ஜில் உருவான ஒரு தேர்வை, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைச் சேர்ந்த மதுரநாத் முதலியோர் மலையாள மக்களுக்கு ஏற்ப மாற்றியமைத்து 2004இல் வெளியிட்டனர். கல்வி நிலைக்கேற்ப மதிப்பெண் எல்லை வேறுபட வேண்டும் என்பதும் அவர்தம் ஆய்வுகளில் தெளிவாயிற்று. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட தேர்வுத் தொகுதி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. அவ்வைந்தில் தமிழ் இல்லை. மலையாளத் தேர்வு ஆயத்தமாயிருந்தும், எல்லைத் தமிழ் முதியவர் அதற்கு வெளியே நின்றார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் அறிவர்: சொல்லை மாற்றுதல் எளிது, மாதமும் முகவரியும் அளவையும் அந்தந்த மக்களின் வாழ்க்கையிலிருந்து வரவேண்டும்.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களின் பெற்றோருக்கும் இந்நிலை நேரும். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர், அவர்கள் எம்மொழியில் சிந்திப்பவர், எவ்வளவு கற்றவர், என்னென்ன மருந்து உட்கொள்பவர் என்பவற்றை முதலிலேயே கூறுதல் வேண்டும். தைராய்டுக் குறைவாலும் பி12 வைட்டமின் குறைவாலும் வரும் மறதியைச் சிகிச்சையால் தணிக்கலாமாதலால், அச்சோதனைகளையும் கேட்டறிதல் நலம். "ஆடி" என்ற விடை சரியானதே என்று எடுத்துரைக்க, அருகில் தமிழறிந்த ஒருவர் இருக்கட்டும்.