பீலிக்கரையும் வீட்டுக் குழாயும்

பதுளையை அடுத்து, நமுனுகுலை மலைச்சரிவில் ஸ்பிரிங்வெளி என்றொரு தோட்டம் உண்டு. ஊற்றுப் பள்ளத்தாக்கு என்பது அவ்வாங்கிலப் பெயரின் பொருள். பள்ளத்தாக்கைக் குறித்த ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் ‘வெளி’ ஆகிப் பாதி தமிழாகிவிட்டது. ஊற்றின் பெயரையே தாங்கி நிற்கும் தோட்டங்களையுடைய இம்மலைநாட்டிலே, தொழிலாளர் குடியிருப்பினுள் ஒரு நீர்க்குழாய் நுழைவதற்கு இத்தனை காலம் சென்றது ஏன்?

இயற்கையைக் குறை கூற இடமில்லை. குழாயில் நீர் பாய்வதற்கு வேண்டுவது உயரம். குழாய்வாயினும் 10 மீற்றர் மேலே தொட்டி அமைந்தால், ஏறக்குறைய ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் தானே கிடைத்துவிடும். சமவெளி நகரங்கள் இயந்திரம் வைத்து நீரை மேலேற்ற வேண்டும். ஊவாவிலோ மலையே அவ்வேலையைச் செய்கிறது.

கருவிகளும் இல்லாமற் போகவில்லை. கழிப்பறைக் கோப்பையின் கீழுள்ள வளைகுழாய்க்கு, இலண்டன் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இலேயே காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே மூடியாகி, கீழேயுள்ள தீநாற்றத்தை மேலே வரவிடாது தடுக்கிறது. கைகழுவும் தொட்டியின் அடியிலும் இவ்வளைவே உண்டு. திருகுகுழாய் வந்தது 1845-இல். இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்பாளர் அதற்கு உரிமம் பெற்றனர். கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கி, ஒரு வாஷரை நீர்வாயின்மேல் அழுத்தி அடைக்கும். வாஷர் தேய்ந்தால் குழாய் சொட்டும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட 1867-க்கு முன்னரே இவையாவும் உலகில் இருந்தன.

தோட்டத்துக்கும் அவை வந்தன. ஆனால் துரையின் பங்களாவோடு நின்றன. அங்கே குளியற்றொட்டி, பீங்கான் கோப்பை, வெந்நீர் காய்ச்சும் அடுப்பு. கீழே லயத்திலோ, 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. நீருக்குப் பீலிக்கரை. சரிவில் வழியும் ஊற்றைத் தகரத்தாலோ மூங்கிலாலோ ஏந்திவிட்ட பீலியே பல குடும்பங்களுக்குக் குழாயும் குளியலறையும் சலவைத்தொட்டியும் ஆயிற்று. மலைக்குப் போகுமுன் குடத்தை நிரப்பும் கடமை பெண்ணுடையது. கொழுந்து பறித்து மீண்டபின்னும் அவளுடையதே. அவ்வேலையை எந்தச் செக்றோலும் பதியவில்லை.

கழிப்பறையின் வரவு வேறு வகையானது. ‘கக்கூஸ்’ என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுச்சென்றனர். ஆயினும் பொருள் லயத்தை அடைவதற்குக் கொக்கிப்புழுவே தூதாயிற்று. திறந்த வெளியில் மலங்கழித்த ஈரமண்ணில் அதன் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் வெறுங்காலைத் துளைத்து உடலினுட் சென்று, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிச் சோர்வான். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் 1916-இல் இதற்கெதிராக இயக்கம் தொடங்கினர். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், அதே மண்ணை மிதித்தவரை அது மீண்டும் பற்றிற்று. ஆகவே கழிப்பறை கட்டுமாறு தோட்ட நிருவாகங்களை வற்புறுத்த வேண்டியதாயிற்று. சோர்ந்த உடல் கொழுந்து கொணராது என்ற கணக்கும் அதில் இருந்தது. இரக்கம் மட்டும் அதைச் செய்தது என்று நான் நம்பவில்லை. எழுந்தவையும் பெரும்பாலும் பல குடும்பங்களுக்குப் பொதுவானவை. இரவிலே மழையில் அவ்வழி நடப்பது பெண்களுக்கும் சிறுவர்க்கும் எத்துணை இடர் என்பதை மலையகத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கம்பெனித் தோட்டங்கள் 1975-இல் அரசுடைமையாயின; 1992-இல் நிருவாகம் மறுபடியும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கை மாறிய வேகத்தில் லயம் மாறவில்லை. அண்மைக் காலத்திலேதான் 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் உருப்பெற்றது. முன்னைய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளுக்கு உதவுவதாக இந்தியா 2017-இல் அறிவித்தது. அத்தகைய வீட்டில் கழிப்பறை வீட்டுக்காரர்க்கே உரியது. தாழ்ப்பாள் உள்ளிருந்து போடப்படுவது. பழைய லயங்களில் வாழ்வோரும் இன்றும் பலர். அங்கே பொதுக் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன.

பீலிக்கரையை வெறுந் துன்பமாகவே எண்ணிவிடவும் கூடாது. ஊர்ச்செய்தி அனைத்தும் அங்கேதான் பரிமாறப்பட்டது. வீட்டினுள் குழாய் வந்த பின்னும், மழையில் ஊறிக் கனத்த கம்பளியையும் சேறுபடிந்த படங்கையும் அலச, பீலியடிக் கல்லே வசதி.