ஓட்டப்பந்தய நாளில் பிள்ளைகளுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியில் கேரளத்தின் பி.டி. உஷா 55.42 விநாடிகளில் ஓடினார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போய்விட்டது. ஒலிம்பிக் கிராமத்தில் ஒத்துவரும் சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததாகவும், கடைசி 35 மீட்டரில் அது தன்னைப் பாதித்ததாகவும் உஷா பின்னாளில் சொன்னார்.

ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்தை அன்றைய ஒருவேளைச் சாப்பாடு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆனால் நாள்கணக்கில் அரைகுறையாகச் சாப்பிட்டால் தசையில் சேமிப்பு குறையும். கஞ்சி கெட்டதல்ல. அதில் தண்ணீர் அதிகம், புரதம் குறைவு. அவ்வளவுதான்.

இப்போது திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் இங்கு நடந்த கேரளப் பள்ளி தடகளப் போட்டி, முதல்முறையாக பகலிலும் இரவிலுமாக நடத்தப்பட்டது. இப்படிப்பட்ட போட்டியில் உங்கள் அக்கா மகளோ தம்பியோ ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹீட்ஸ், இரவில் ஃபைனல் என்று அட்டவணை வந்தால், நடுவில் உள்ள நேரத்தில்தான் பெரும்பாலும் சொதப்புவோம்.

முழுச் சாப்பாடு என்றால் ஓட்டத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 கிராம் மாவுச்சத்து போதும். 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 90 கிராம் வரும். ஐந்து இட்லியும் ஒரு புழுங்கிய நேந்திரம்பழமும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கை எட்டிவிடும். இடியாப்பம், அப்பமும் சரிதான். புட்டு கொடுக்கலாம், ஆனால் கூடவே வரும் கடலைக்கறியை அன்று தள்ளி வையுங்கள். நார்ச்சத்தும் வாயுவும் ஓடும்போது வயிற்றைப் படுத்தும். பரோட்டா, பொரித்த மீன் எல்லாம் போட்டி முடிந்த பிறகு!

ஹீட்ஸ் முடிந்ததும் முதல் அரை மணி நேரத்தில் பழமோ மோரும் சோறுமோ கொஞ்சம் உள்ளே போகட்டும். மதியம் மிதமான சோறு, முட்டை அல்லது தயிர். ஃபைனலுக்கு ஒரு மணி நேரம் முன்பு பசித்தால் பாதி வாழைப்பழம் போதும்.

"பசிக்கல, பயமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் திணிக்காதீர்கள். பதற்றத்தில் வயிறு மூடிக்கொள்ளும். அப்போது இளநீரோ நீர்த்த கஞ்சியோ கைகொடுக்கும் (பாருங்கள், கஞ்சிக்கும் இடம் உண்டு).

திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் வியர்வை காயாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடிக்க வைக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

புது உணவு எதையும் போட்டி நாளில் முயற்சிக்காதீர்கள். வெளியூர் என்றால் விடுதிச் சாப்பாட்டை நம்பி இருக்காமல், பழகிய அவலும் பழமும் பையில் இருக்கட்டும். அதை இரண்டு வாரம் முன்பே ஒரு பயிற்சி நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.