சென்னைக் கடற்கரையில் ஆமை நடை: ஒரு பருவகால வழக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் சனவரி முதல் ஏப்ரல் வரை இரவு நேரங்களில் நடைபெறும் ஆமை நடை, இந்தியாவில் தொடர்ந்து நிகழ்ந்துவரும் தன்னார்வ இயற்கை நடைகளுள் குறிப்பிடத்தக்கது. 1970களில் சிலரின் கணக்கெடுப்பு முயற்சியாகத் தோன்றிய இது, 1988க்குப் பின் மாணவர் அமைப்பின் பொறுப்பில் பொதுமக்கள் பங்கேற்கும் நிகழ்வாக மாறியது. இம்மாற்றத்தின் கட்டங்களையும், நடையோடு இணைந்த உரையின் பணியையும், நடை விட்டுச்சென்ற பதிவுகளின் வரலாற்று மதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பங்குனி ஆமை, ஆமை நடை, சென்னைக் கடற்கரை, பொரிப்பகம், மீனவர் அறிவு, சூழலியல் வரலாறு.

முன்னுரை

தமிழில் சூழலியல் வரலாறு எழுதப்படும்போது காடும் ஏரியும் பெறும் இடத்தைக் கடற்கரை பெறுவதில்லை. வேடந்தாங்கலைப் பற்றி எழுதுவோர் 1798ஆம் ஆண்டின் கும்பினி ஆவணத்திலிருந்து தொடங்க இயலும். சென்னைக் கடற்கரையின் ஆமைகளுக்கு அத்தகைய தொடக்க ஆவணம் இல்லை. இங்கு உள்ளவை நடந்தவர்கள் எழுதிவைத்த கணக்குகளே. அவற்றைத் தன்னார்வலர்களின் ஆர்வக் குறிப்புகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், அரை நூற்றாண்டாக ஒரு நகரம் தன் கடலோடு கொண்ட உறவை அறிய இவற்றை விட்டால் வேறு தொடர் சான்றுகள் அரிது.

ஆமையும் கரையும்

சென்னைக் கரையில் முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. வழக்கில் சிற்றாமை என்றும் வழங்கும். பங்குனியை ஒட்டிய மாதங்களில் கரையேறுவதால் அமைந்த பெயர் அது. ஒடிசாவின் கஹிர்மாதாவில் இவ்வாமைகள் பல்லாயிரக்கணக்கில் ஒரே காலத்தில் கரையேறும் காட்சியை எச்.ஆர். பஸ்டர்ட் 1974இல் அறிவியல் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். சென்னையில் நிகழ்வது அதுவன்று. இங்கு ஓரிரவில் ஓர் ஆமை வரலாம், மூன்று வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். இந்த நிச்சயமின்மையே நடையின் வடிவத்தைத் தீர்மானித்தது. எங்கு வரும் என்று தெரியாத ஒன்றைத் தேட, கரை முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டியிருந்தது.

கரையேறிய தாய் ஆமை ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை வடிவக் குழி தோண்டி, நூறு முதல் நூற்றிருபது வரை முட்டைகள் இட்டு, மணலால் மூடித் தன் உடலால் அழுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மீண்டும் வந்து பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும்.

அகநானூற்றின் 160ஆம் பாடலில், குமுழிஞாழலார் நப்பசலையார், சூல்கொண்ட ஆமை கானல் மணலில் முட்டைகளை மறைத்துப் புதைப்பதையும், குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை அவற்றைக் காப்பதையும் கூறுகிறார். முட்டையின் வட்ட வடிவமும் புலால் நாற்றமும் கூட அங்கே பதிவாகியுள்ளன. இப்பாடலைப் பங்குனி ஆமையைப் பற்றிய முதற்சான்று என எடுத்துக்காட்டும் வழக்கம் சில கட்டுரைகளில் காணப்படுகிறது. பாடலில் இனத்தைச் சுட்டும் அடையாளம் இல்லாதபோது அவ்வாறு கொள்வது மிகை. மேலும், கடலாமைகளில் ஆண் கரையேறிக் காவல் இருப்பதில்லை. புதைத்த இடத்தை அறிந்திருந்த நெய்தல் நிலத்தார், அதன்பின் நிகழ்வதைத் தம் குடும்ப வாழ்வின் சாயலில் நிரப்பிக்கொண்டனர் எனக் கொள்வதே பொருந்தும். இரவு முழுதும் விழித்திருந்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் அதற்கு மிகப் பிற்காலத்தது.

முதற்கட்டம்: 1970கள்

ரோமுலஸ் விட்டேகர் 1970இல் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதைச் சுற்றித் திரண்ட இளைஞர்களே சென்னையின் ஆமை நடைக்கு வித்திட்டவர்கள். 1973–74 பருவத்தையொட்டி நகரின் தென்பகுதிக் கரையில் அவர்கள் இரவு நடைகளை மேற்கொண்டனர். எஸ். வள்ளியப்பனும் விட்டேகரும் சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகளைக் குறித்து எழுதிய குறிப்பு அம்முயற்சியின் விளைவு. அந்நடையில் பங்கேற்ற சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர், 1970களின் பிற்பகுதி முதல் இலட்சத்தீவு, அந்தமான் உள்ளிட்ட கரைகளைத் தனியே நடந்து அளந்தவர். இந்தியக் கடலாமை ஆய்வின் அடித்தளம் ஆய்வுக்கூடத்தில் அன்றிக் கால்நடையாக இடப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது.

அந்நாளைய நடையின் நோக்கம் எளியது. நாயும் நரியும் மனிதரும் முட்டைகளைத் தோண்டி எடுக்குமுன் அவற்றை எடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் புதைப்பது. முட்டை உணவாகவும் விற்பனைப் பொருளாகவும் இருந்த காலம் அது. 1977இல் கடலாமைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதுவரை கரையில் முட்டை எடுத்த இருவேறு மனிதருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லை. அதன்பின் விற்க எடுத்தவர் குற்றவாளியானார். காக்க எடுத்தவர் வனத்துறையின் அனுமதி பெற வேண்டியவரானார். ஆமை நடையின் வரலாற்றில் இச்சட்டத் திருத்தம் ஓர் எல்லைக்கோடு.

1970களின் இறுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1980களில் தமிழ்நாடு வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. அரசுப் பொரிப்பகத்திற்கு முட்டை சேகரிக்கப் பணியாளர் போதும், பொதுமக்கள் தேவையில்லை. எனவே இவ்விடைக்காலத்தில் நடை என்பது ஒரு பொதுநிகழ்வாக வளரவில்லை.

1988: மாணவர் வருகை

வனத்துறையின் பொரிப்பகப் பணி நின்றபோது, கல்லூரி மாணவர் சிலர் அதனைத் தாமே ஏற்று 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தோற்றுவித்தனர். அவர்களுள் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் கடலாமை அறிவியலாளராகி, இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் ஆங்கில நூலாக எழுதினார். நீலாங்கரையிலிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர்வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கரை அவர்களின் நடைப்பகுதியாயிற்று. பருவத்தின் ஒவ்வோர் இரவும் தன்னார்வலர் நடப்பர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்வர்.

மாணவர் அமைப்பு என்பதில் ஓர் உள்ளார்ந்த சிக்கல் உண்டு. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் மாணவர் படிப்பு முடித்து ஊரைவிட்டுப் போய்விடுவர். கற்றது அவர்களோடு போய்விடாமல் இருக்க ஒரு வழி வேண்டும். பாடநூல் இல்லாத அத்துறையில் அவ்வழியாக அமைந்தது நடைக்கு முன் நிகழும் உரை. ஆமையின் வாழ்க்கை, கரையில் நடந்துகொள்ளும் முறை, கைவிளக்கு ஏன் கூடாது என்பன அவ்வுரையில் சொல்லப்படும். இதைப் பார்வையாளருக்கான அறிமுகமாக மட்டும் கருதுவது குறைபாடான பார்வை. ஒவ்வோர் உரையும் அடுத்த ஆண்டின் நடத்துநரைத் தேடும் முயற்சியாகவும் இருந்தது. ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்தவர் மறுமுறை பை தூக்குவார். அதன்பின் தடம் காண்பார்.

தடம் காண்பது கைப்பழக்கத்தால் வருவது. துடுப்புக் கால்கள் மாறிமாறி ஊன்றிய சுவடு, அலைவிளிம்பிலிருந்து மேலேறி மீண்டும் இறங்கும். இரண்டுக்கும் இடையில் கலைந்த மணற்பரப்பு இருக்கும். அதனுள் முட்டைக்குழி எங்கே என்பதை மெல்லிய கோலால் மணலின் இளக்கத்தை உணர்ந்து அறிய வேண்டும். சற்று அழுத்தம் மிகுந்தால் முட்டை உடையும். பின் கையால் தோண்டி, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, முட்டைகளை எண்ணிப் பொரிப்பகத்தில் அதே அளவுக் குழியில் இடுவர். முட்டையினுள் கரு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியபின் அதைப் புரட்டினால் கரு அழியும் என்பதால், இவையனைத்தும் இட்ட சில மணி நேரத்திற்குள் முடிந்தாக வேண்டும்.

நடையின் மறுபக்கம்

முட்டையை இடம் மாற்றுவது சரியா என்ற வினா அறிவியலாளரிடையே நெடுநாளாக உள்ளது. கடலாமைக் குஞ்சின் பால், அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணலின் வெப்பத்தால் முடிவாகிறது. வெப்பம் மிகுந்தால் பெண்ணும் குறைந்தால் ஆணும் மிகும். எல்லா முட்டைகளையும் ஒரே வேலிக்குள் புதைத்தால், கரை முழுவதும் விரிந்து கிடந்த வெப்ப வேறுபாடு ஒரே இடத்தின் வெப்பமாகச் சுருங்கிவிடும். எனவே இயன்றவரை முட்டையை இட்ட இடத்திலேயே விடுவதுதான் நன்று என்பது ஒரு சாராரின் கொள்கை. கொள்கையளவில் அது சரி. ஆனால் பெசன்ட் நகர்க் கரையில் அதைப் பின்பற்ற இயலாது. குஞ்சுகள் வெளிவந்ததும் ஒளிமிக்க திசையை நோக்கி ஊரும் இயல்புடையன. இருண்ட கரையில் அது கடலின் திசை. தெருவிளக்கும் உணவகங்களின் விளக்கும் எரியும் கரையில் அது சாலையின் திசை. நகரம் கரையை மாற்றிவிட்டபின் பொரிப்பகம் தவிர்க்க இயலாததாயிற்று.

இரண்டாவது வினா கடினமானது. இந்நடையின் வரலாறு யாருடைய வரலாறாக எழுதப்பட்டுள்ளது? அச்சில் கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் கதைமாந்தர் நகரின் படித்த இளைஞர். அவர்கள் நடந்த கரையோ ஊரூர் குப்பம் முதலான மீனவக் குடியிருப்புகளின் முற்றம். எந்தக் காற்றில், எந்த நீரோட்டத்தில் ஆமை கரையை நெருங்கும் என்ற அறிவு அங்கு முன்பே இருந்தது. அது வாய்மொழியாகவே நின்றுவிட்டது. சுப்ரஜா தாரிணி 2002இல் நிறுவிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே காவலர்களாக ஏற்றதன் முக்கியத்துவம் இப்பின்னணியில் விளங்கும். ஆயினும், தங்கள் கரைக்கு இரவில் வந்துபோன மாணவர்களை மீனவப் பெரியவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதைத் தமிழில் தொகுக்கும் பணி இன்னும் செய்யப்படாமல் உள்ளது. 1970களில் அதைக் கண்டவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர் என்பதால் இப்பணியை இனியும் ஒத்திப்போட இயலாது.

கணக்கேட்டின் இரு பக்கங்கள்

நடப்பவர்கள் முட்டையை மட்டும் எண்ணவில்லை. கரையொதுங்கிய இறந்த ஆமைகளையும் எண்ணினர். தொடக்கத்தில் துணைக்குறிப்பாக இருந்த இவ்வெண்ணிக்கையே இன்று அப்பதிவுகளின் மிக முக்கியமான பகுதி. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க இயலாமல் மூழ்கி இறக்கும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முதிர்ச்சி அடையும் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓர் உயிரினத்தில், முட்டையிட வந்த ஒரு தாயின் இறப்பைப் பல குழிகளின் குஞ்சுகளாலும் ஈடுசெய்ய முடியாது. அதாவது, கரையில் நடப்பவர்கள் காக்க முற்பட்டதைக் கடலில் வேறொரு தொழில் அழித்துக்கொண்டிருந்தது. இதனை அவர்களின் ஏடே அவர்களுக்குக் காட்டியது.

2025 சனவரியில் சென்னையிலும் அதனையடுத்த கரைகளிலும் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. இறப்பு வழக்கத்தைவிட மிகுதி என்று எவரும் கூறவேண்டுமாயின், வழக்கம் எது என்பதற்குப் பழைய ஆண்டுகளின் எண்கள் வேண்டும். அவை இரவில் நடந்தவர்களின் ஏடுகளில் இருந்தன.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. விசைப்படகுகள் கரையோரக் கடலில் மீன்பிடிப்பதை அது தடுக்கிறது. ஆமைகள் கூடுவதும் அப்பகுதியிலேயே. ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் நடைமுறைக்கு வரும் 61 நாள் மீன்பிடித் தடை, மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி ஏப்ரல் 15இல் தொடங்கி சூன் 14இல் முடிகிறது. பங்குனி மாதம் ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும். தடை தொடங்கும் நாளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே புதிய தடங்கள் அநேகமாக நின்றுபோயிருக்கும். பொரிப்பகத்தில் கடைசிக் குழிகள் மட்டும் காத்திருக்கும்.