சாவுக் கணக்கிலிருந்து பிறந்த பூங்கா

1/ லண்டனின் ஈஸ்ட் எண்ட் பகுதியில விக்டோரியா பார்க்னு ஒண்ணு இருக்கு. சுமார் 213 ஏக்கர். கிரிக்கெட், ஓட்டம், படகு, பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. இப்படி ஒரு பார்க் வேணும்னு அரசு அறிக்கையிலயே எழுதினவர், சாவுக் கணக்குப் பார்த்த ஒருத்தர். ஒரு சின்ன இழை 👇

2/ இங்கிலாந்தில் 1837ல் அரசு இறப்புப் பதிவு தொடங்கியது. அதை அலசும் வேலைக்கு வந்தவர் வில்லியம் ஃபார். மருத்துவம் படிச்சவர். மக்கள் நெருக்கமா வாழும் ஏழைப் பகுதிகளில் சாவு அதிகம்னு 1839 அறிக்கையிலேயே காட்டினார்.

3/ அதோட நிறுத்தல. கிழக்கு லண்டனில் ஒரு பூங்கா அமைச்சா வருஷத்துக்குப் பல ஆயிரம் சாவு குறையலாம்னும் எழுதினார்.

4/ அப்போ ஹைட் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் எல்லாம் வசதியானவங்க வாழும் மேற்குப் பக்கம். கிழக்கே பட்டு நெசவாளர்கள், துறைமுகக் கூலிகள். 1840ல் 30,000 பேர் கையெழுத்து போட்டு ராணிக்கு மனு கொடுத்தாங்க.

5/ 1841ல் சட்டம் வந்தது. காசுக்கு? யார்க் ஹவுஸ் மாளிகையை 72,000 பவுண்டுக்கு சதர்லாண்ட் பிரபுவுக்கு வித்தாங்க. 1845ல் மக்கள் பூங்காவுக்குள் வந்துட்டாங்க.

6/ வீட்டில் குளிக்க இடமில்லாதவங்க அங்க ஏரியில குளிச்சாங்க. திறந்தவெளிக் கூட்டங்களும் நடந்தன. பின்னாளில் நம்ம அடையாறுக்கு வந்த அன்னி பெசன்ட் கூட அங்க பேசியிருக்காங்க.

7/ ஒரு விஷயம். கெட்ட காற்றுதான் நோய் தருதுன்னு ஃபார் அப்போ நம்பினார். ஆனா காலரா பரவுறது தண்ணியில. 1866ல் பூங்கா இருந்தும் கிழக்கு லண்டனில் 5,000 பேருக்கு மேல் காலராவில் செத்தாங்க. சாவுகளை எந்தக் கம்பெனி தண்ணி என்று பிரிச்சுப் பார்த்து, குற்றவாளியைக் காட்டியவர்களில் அதே ஃபாரும் ஒருவர்.

8/ அப்போ பூங்கா வீணா? இல்லவே இல்ல. காரணம் தப்பா இருந்தாலும் அவர் கண்டது சரி: ஒருத்தர் எவ்வளவு நாள் வாழ்வார் என்பதில் அவர் வாழும் இடத்துக்கும் பங்கு உண்டு. பூங்கா காலராவைத் தடுக்காது. சுகர், பிரஷர், மனச்சோர்வு இதையெல்லாம் கட்டுப்படுத்த நடையும் விளையாட்டும் உதவும்.

9/ "தினமும் அரை மணி நேரம் நடங்க"ன்னு நாங்க சீட்டுல எழுதிடுறோம். எங்க நடக்குறது? உங்க ஏரியா மைதானத்துல கட்டடம் வருதுன்னா, அது உங்க உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். மனு போடுங்க. 30,000 கையெழுத்துக்கு ஒரு பூங்காவே வந்திருக்கு.