பேரும் உழைப்பும்: ஊவாத் தோட்டக் கலைமரபும் கட்டற்ற மென்பொருளும்

பலர் கூடி ஆக்கிய ஒன்று யாருடைய பெயரால் வழங்க வேண்டும் என்னும் வினா வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. கட்டுவித்தோர் பெயர் நிலைபெறுவதும் கட்டியோர் பெயர் மறைவதும் பெரும்பாலும் எங்கும் காணப்படுவனவே. ஆயின் கடந்த நான்கு தசாப்தங்களாகக் கணினித் துறையில் வளர்ந்துவந்துள்ள கட்டற்ற மென்பொருள் இயக்கம் இவ்வினாவுக்குப் புதியதொரு விடையை நடைமுறையிற் காட்டியுள்ளது. அவ்விடை பதுளை மாவட்டத்துப் பெருந்தோட்ட மக்களின் கலைமரபை ஆராய்வோர்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஊவா மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. இத்தோட்டங்கள் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் உருவானவை. அவர்களது பேச்சுவழக்கிற் 'பேர்' என்னும் சொல் தனிப்பொருளொன்றைப் பெற்றுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. நாள்வேலை செக்றோல் எனப்படும் பதிவேட்டிற் குறிக்கப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்குப் பேர் விழும்; குறைந்தால் 'அரைப் பேர்' விழும். அதாவது, ஒருவரின் பெயரே ஒரு நாட் கூலியின் அளவாகிவிட்டது. அப்பேர் கூலியோடு முடிந்துவிடும். பறித்த கொழுந்தோடு அது செல்வதில்லை. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏல விற்பனையிலே தேயிலை தோட்டத்தின் பெயராலேயே விலைபோயிற்று. யூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்து ஊவாத் தேயிலையின் தனிச்சுவைக்கு அக்காலத்து வறண்ட காற்றைக் காரணங்காட்டுவர். பறித்த கைகளைக் குறிப்பிடுவோர் அரியர்.

இதே மக்கள் தமக்கெனச் செய்துகொண்டவற்றில் வேறொரு முறை நிலவியது. மாசி மாதத்திலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மன்மதனுக்கும் ரதிக்கும் திருமணம் நிகழ்தல், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் செல்லல், நெற்றிக்கண்ணால் அவன் எரிதல், ரதி புலம்பல் எனக் கதை அமையும். செலவுக்கு லயந்தோறும் பணந் திரட்டப்படும். தப்படிப்போர், பாடுவோர், வேடம் புனைவோர், திடலைச் சீர்செய்வோர் எனப் பலரும் கூடுவர். பாடல்கள் வாத்தியாரிடமிருந்து மாணவரிடம் செல்லும்; செல்லும்போதே சில மாறும், சில கூடும். எவரும் பாடலைத் தம் உடைமை என்று கூறுவதில்லை. எனினும் எது எவருடைய பங்கு என்பதைக் கூடியிருந்தோர் அறிவர். இங்கு பதிவேடு இன்றியே பேர் நின்றது.

ஆனால் அத்தகைய நினைவு மக்கள் கூடிவாழும் வரையே நிலைக்கும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இந்தியப் பிரதமரும் இலங்கைப் பிரதமரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வாத்தியார் நீலகிரிக்குச் செல்ல, மாணவர் பசறையிலே தங்கினால், பாடலின் வழிமுறையும் அத்துடன் அறுந்துபோகும். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் ஒரு பெருஞ்செல்வம் அழியாது எஞ்சியது. ஆயினும் நாட்டார் பாடலை அச்சேற்றும் நம் மரபிலே தொகுத்தவர் பெயர் மேலட்டையில் நிற்க, பாடியவர் 'மக்கள்' என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிடுவதே பெருவழக்கு. இதனை அரைப் பேர் என்றுகூடச் சொல்ல இயலாது.

இனி, கட்டற்ற மென்பொருளுக்கு வருவோம். 1983 இல் அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்டோல்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறரோடு பகிரலாம் என்பது அதன் அடிப்படை. 1989 இல் வெளியான குனு பொது உரிமம் இவ்வுரிமைகளோடு ஒரு கடப்பாட்டையும் விதித்தது. முன்னோரின் பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கலாகாது. திருத்துவோர் தாம் திருத்தியமையையும் திருத்திய நாளையும் குறித்தல் வேண்டும். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பங்களித்தோர் பட்டியலொன்றையும் தன்னுட் கொண்டே நாடெங்கும் செல்கிறது. செக்றோலிற் காணாத இயல்பு இதுவே: உழைத்தவர் பெயர் ஆக்கத்தோடு சேர்ந்தே பயணஞ் செய்கின்றது.

இம்முறை நம் நாட்டுக்கும் நம் மொழிக்கும் அயலானதன்று. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்வதற்கு இலங்கைத் தன்னார்வலர் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. அவ்விருது தனியொருவருக்கன்றித் திட்டத்துக்கே உரியதாயிற்று. இதற்கு முன்னரே, 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலே பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்கலாயினர். உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் அம்மின்னூல்களின் தொடக்கத்திலேயே நன்றியுடன் குறிக்கப்படுகின்றன.

எனினும் இம்முறை குறையற்றதெனக் கொள்ளலாகாது. நிரலெழுதுவோரின் திருத்தம் தானாகவே பதிவாகின்றது. மொழிபெயர்ப்போர், பிழை சுட்டுவோர், புதியவர்க்குக் கற்றுக்கொடுப்போர் ஆகியோரின் பங்கு எளிதிற் பதிவாவதில்லை. ஆங்கும் அரைப் பேர் பெறுவோர் உளர். கூட்டுப்பணியிலே பெயர்நாட்டம் புகுந்தால் ஒற்றுமை கெடும் என அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் பெயர் புகழுக்கு மட்டும் உரியதன்று, பொறுப்புக்கும் உரியது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது தெரிந்தாலன்றிப் பிழையைத் திருத்த இயலாது. பாடபேதங்களை ஆராயும் நமக்கு இவ்வுண்மை நன்கு பழக்கமானதே.

ஆதலின் பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளிற் பாடலும் கூத்தும் திரட்டுவோர்க்கு நாம் முன்வைப்பது இதுவே. ஒவ்வொரு பாடலோடும் பாடியவர் பெயர், அவரது தோட்டம், டிவிசன், அவர் யாரிடம் கற்றார், எதனைத் தாமாகச் சேர்த்தார் என்பன அவரது இசைவுடன் எழுதப்பட வேண்டும். தப்படித்தவரும் வேடம் புனைந்தவரும் தவறாது இடம்பெற வேண்டும். பின்னர் அப்பாடலைப் பதிப்போர், ஒலிப்பதிவு செய்வோர், மேடையேற்றுவோர் யாவரும் அக்குறிப்பை நீக்காது கொண்டுசெல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மண்சரிவு லயங்களை மூடியது. மாண்டோரோடு அவர்தம் நினைவிலிருந்தனவும் மறைந்துவிடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. எழுத்திலே வைக்கப்படாத பேரைப் பின்னர் எவராலும் மீட்டுத்தர இயலாது. பாடுவோர் நம்மிடையே வாழுங் காலத்திலேயே அவர்க்குரிய முழுப் பேரையும் பதிதல் ஆய்வாளரின் முதற்கடனாகும்.